ஒரகடம் பக்கத்து வகுப்பறையில் தொங்கிய கயிறுகள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரகடம் பக்கம் போய் வந்தேன். அருவி கிடையாது, கோட்டை கிடையாது, படம் எடுத்துப் போட ஒன்றும் கிடையாது. கார் கம்பெனியும் கன்டெய்னர் லாரியும் இருக்கிற ஊருக்கு லீவு போட்டுக்கொண்டு எதற்குப் போகிறாய் என்று கணவர் கேட்டார். ஒரு பாடம் நடப்பதைப் பார்க்கப் போகிறேன் என்றேன். இத்தனை வருஷமாக நீயே அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாய் என்றார். நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

திண்டிவனத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒலியியல் என்றொரு பாடம் உண்டு. இசைக்கவையை மேசையில் தட்டிக் காட்டுவேன், காதின் படத்தைக் கரும்பலகையில் வரைவேன், ஒலி மாசு பற்றிச் சிறுகுறிப்பு எழுதச் சொல்வேன். பிள்ளைகள் முத்து முத்தாக எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். அன்று சாயங்காலமே திருவிழா ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்று ஆடுவார்கள். பாடத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பயிற்சி வகுப்பு ஒன்றில் மதியச் சாப்பாட்டின்போது மெர்சி டீச்சர் அறிமுகமானார். ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் வேலை. அந்தப் பாடத்தை நான் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன் என்றார் சாதாரணமாக. எப்படி என்று கேட்டேன். சொன்னால் புரியாது, எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சி அன்றைக்கு வாங்க என்றார். அதுதான் இந்தப் பயணம். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பள்ளியின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. கீழே படித்தால் காரணம் தெரியும்.

தெற்கே இருந்து வருகிறவர்கள் சென்னைக்குள் போக வேண்டியதே இல்லை. காலை ஐந்தரைக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறி செங்கல்பட்டில் இறங்கினேன். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ் சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஒரகடம் போகிறது. சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டியதும் சாலை அகலமாகிவிடும். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரும் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனவை கம்பெனி பஸ்கள்தான். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களாக ஒரு பஸ், கழுத்தில் அடையாள அட்டையோடு செல்போன் பார்க்கிறவர்களாக ஒரு பஸ். தூங்குகிறவர்கள் ஷிப்ட் முடிந்தவர்கள் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. எட்டேகாலுக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கினேன்.

அங்கே பாலத்துக்குப் பக்கத்தில் இட்லி கிடைக்கும், ரொட்டியும் கிடைக்கும். வடக்கத்திப் பையன்களுக்காக இரண்டு கடையில் இந்தியில் பலகை எழுதியிருக்கிறார்கள். நான்கு இட்லியும் ஒரு டீயும் முடித்துவிட்டு, படப்பை பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சேரப்பணஞ்சேரி தாண்டி உள்ளே போக வேண்டும் என்றதும் இருபது ரூபாய் என்றார் டிரைவர். மனிதர் பேசினால் பக்கத்து லாரிக்கும் கேட்கும். ஆட்டோ இரைச்சலுக்காகக் கத்துகிறார் என்று நினைத்தேன். பள்ளியின் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சரா நீங்க? என் பொண்ணும் அங்கதான் படிக்குது. பருப்பு போட்டு காது பாக்கறேன்னு என்னிய செவுத்தப் பாத்து நிக்க வெச்சிட்டா. என் கவுறும் அங்க கீது, போய்ப் பாருங்க."

பருப்பு என்ன, கயிறு என்ன என்று எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பள்ளிக்குள் போனதும் விளங்கியது. எட்டாம் வகுப்புச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு தொங்கியது. சில தரையைத் தொட்டுச் சுருண்டு கிடந்தன. சில பாதியில் நின்றன. மேல் நுனியில் அட்டை கட்டி, அதில் பெயர் எழுதியிருந்தார்கள்.

மெர்சி டீச்சர் நடந்ததைச் சொன்னார். புத்தகத்தைத் திறக்காமல், உங்கள் வீட்டில் யார் டிவியைச் சத்தமாக வைப்பது என்று கேட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்திருக்கிறார். வகுப்பே கை தூக்கியிருக்கிறது. அப்பா, அம்மா, மாமா என்று ஆளாளுக்கு ஒருவர். ஏன் என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்படியானால் கண்டுபிடிப்போம் என்று மூன்று வாரத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார். முதலில் எவர்சில்வர் தட்டில் இரும்பு நட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். வராண்டாவின் கோடி வரைக்கும் எல்லோருக்கும் கேட்டது, வித்தியாசமே தெரியவில்லை. அடுத்து கடலை. கடைசியில், ஒரு ஸ்கேல் உயரத்திலிருந்து ஒற்றைத் துவரம்பருப்பு என்று முடிவானது. வீட்டில் வைத்துச் சோதித்தால் ஒரு வீட்டில் மிக்ஸி, ஒரு வீட்டில் குழந்தை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுப் பெரியவர்களைப் பள்ளி வராண்டாவுக்கே வரவழைத்தார்கள். பருப்பு விழும் சத்தம் எவ்வளவு தூரம் வரை கேட்கிறதோ, அந்தத் தூரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டிக்கொண்டார்கள்.

காதின் படமும் டெசிபல் அட்டவணையும் மூன்றாவது வாரத்தில்தான் வந்தன. அதற்குள் பிள்ளைகளே அந்தப் பக்கத்தைத் தேடிப் போயிருந்தார்கள் என்றார் மெர்சி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, ஒளிப்பானேன்.

கீர்த்தனா என்ற பெண்ணைக் கூப்பிட்டு, நீ கண்டுபிடித்ததை இவங்களிடம் சொல் என்றார். ஒல்லியான பெண், பேச்சில் பதற்றம் இல்லை. முதல் தடவை சோதித்தபோது தன் அம்மாவுக்கு வராண்டாவின் கோடி வரை கேட்டதாகவும், அதில் தனக்குச் சந்தேகம் வந்ததாகவும் சொன்னாள். வீட்டில் மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புகிற அம்மாவுக்கு இது எப்படிக் கேட்கும்? யோசித்துப் பார்த்திருக்கிறாள். பருப்பு போடும் கையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிடித்துவிட்டாள். பிறகுதான் எல்லோரையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். அதோடு விடவில்லை. சில தடவை போடாமலே ஏமாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் அவள் யோசனைதான். நான் பதினோராம் வகுப்பில் கற்றுக்கொண்டதை இந்தப் பெண் பருப்பை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, எனக்கென்ன பெருமை.

அந்தச் சுவரிலேயே மிகச் சின்னக் கயிறு அவள் அம்மாவுடையது. இரண்டு கையை விரித்தால் அடங்கிவிடும். அட்டையில் தேவி என்று அழகாக எழுதிப் பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தாள்.

பத்து மணிக்குப் பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். தேவி முதலிலேயே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், கம்பெனி சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தார். மதியம் இரண்டாவது ஷிப்ட், இங்கிருந்தே பஸ் ஏற வேண்டுமாம். சுவரைப் பார்த்தவர் தன் பெயர் இருந்த இடத்தில் நின்றார். பிறகு மெர்சி டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். மெர்சி என்னையும் பார்த்தார், மூவரும் பக்கத்து அறைக்குப் போனோம்.

அன்றைக்குக் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தாளியாக வருகிறவர் தேவி வேலை பார்க்கும் கம்பெனியின் நல அலுவலர். வகுப்புக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தது அந்தக் கம்பெனிதான். தேவி அங்கே பிரஸ் லைனில் கான்ட்ராக்டில் இருக்கிறார். தகட்டை அமுக்கி வடிவம் எடுக்கிற பெரிய மிஷின்கள், நாள் முழுக்க இடிச் சத்தம். பெண்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், அதற்கு அடுத்த மாதம் மெடிக்கல் டெஸ்ட், காதையும் சோதிப்பார்கள். அந்த லிஸ்டில் தன் பெயரும் வரும் என்று பல வருஷமாகக் காத்திருக்கிறார். அந்தச் சின்னக் கயிற்றில் தன் பெயரை அலுவலர் பார்த்துவிடக் கூடாது என்று, இதையெல்லாம் குனிந்தபடியே சொன்னார். பிறகு நிமிர்ந்து மெர்சியின் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பொட்டி மாரி ரூம்ல உக்கார வெச்சி காதுல மாட்டி வுடுவாங்க டீச்சர். சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு தம்பி மிஷின்ல கைய வெப்பாரு. அவரு முழங்கை அசையறதப் பாத்துகினே அமுக்கிடுவேன். அப்டித்தான் பாஸாயினு வரேன். இது கீர்த்தனாக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

மெர்சி டீச்சர், சொல்ல மாட்டேன் என்றார். பிறகு வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்தக் கயிறுகளுக்கு உரியவர்களிடம், உங்கள் பெயரைச் சுவரில் மாட்டட்டுமா என்று யாராவது சொல்லிக் கேட்டீர்களா என்றார். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் திட்டத்தில் விட்டுப்போனது என்றார். எல்லா அட்டையையும் கழற்றச் சொன்னார்.

கீர்த்தனா கழற்றவில்லை. பேர் இல்லாமல் போனால் வெறும் கயிறுதானே டீச்சர், யார் நம்புவார்கள் என்றாள். அதுவும் சரிதான். அப்படியானால் பெயருக்குப் பதில் வேலையை எழுதலாம் என்று அவளே சொன்னாள்: பிரஸ், வெல்டிங், பெயிண்ட், கடை. அதற்கும் தேவி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். இந்த ஊரிலிருந்து பிரஸ் லைனுக்குப் போகும் பெண்கள் மூன்றே பேர், பெயர் எழுதினால் என்ன, வேலை எழுதினால் என்ன. கீர்த்தனாவின் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு லிஸ்டில் பெயர் வர வேண்டும் என்பது வரைக்கும் அவளுக்குப் புரிந்தது. மூன்று வாரத்து உழைப்பை ஏன் அழிக்க வேண்டும் என்பது புரியவில்லை. பதின்மூன்று வயதில் எனக்கும் புரிந்திருக்காது.

கடைசியில் மெர்சிதான் வழி சொன்னார். சுவரை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பக்கம், பல வருஷமாகச் சத்தத்தில் வேலை செய்கிறவர்கள். மறுபக்கம், அப்படி இல்லாதவர்கள். எந்தக் கம்பெனி, எந்த வேலை, எந்தப் பெயர் என்று ஒன்றும் வேண்டாம். தேவி யோசித்துவிட்டுச் சரி என்றார். மற்றப் பெற்றோரிடமும் பிள்ளைகள் போய்ச் சம்மதம் வாங்கினார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்கள் கயிறு இறங்கியது. மீதியை அவசரமாக இடம் மாற்றி மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். ஒரு பக்கம் சுவரின் பாதியிலேயே நின்றது, மறுபக்கம் தரையில் புரண்டது. பெயரோடு இருந்தபோது ஒவ்வொரு கயிறாகப் பார்த்தோம், இப்போதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். முரண்டு பிடித்தவையும் உண்டு. சத்தத்தின் பக்கம் ஒரு நீளக் கயிறு இருந்தது, அது காதில் பஞ்சு வைக்காமல் உள்ளே போகவே மாட்டேன் என்கிற ஒருவருடையதாம். அமைதியின் பக்கம் ஒரு குட்டைக் கயிறு. ஆட்டோக்காரருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு அலுவலர் வந்தார். மரியாதையான மனிதர், பேச்சில் திருநெல்வேலி வாடை. மற்ற மேசைகளை மேலோட்டமாகப் பார்த்தவர் கயிறுகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். இது யார் யாருடையது என்று கேட்டார்.

"அது சொல்ல மாட்டோம் சார்," என்றாள் கீர்த்தனா. "சொல்ல மாட்டோம்னு சொல்லித்தான் சம்மதம் வாங்கினோம்."

அவர் சிரித்துக்கொண்டே, நல்லது, கேட்கவில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, எப்படி அளந்தீர்கள் என்றார். வேறெந்தக் கேள்வியும் கேட்டிருக்கலாம். கீர்த்தனா தட்டையும் பருப்பையும் எடுத்துக் காட்டி, நட்டு, கடலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தனக்கு மிகவும் பெருமையான இடத்துக்கு வந்தாள்.

"மூஞ்சியக் காட்டி நின்னா தப்பா வரும் சார். கை அசையறதப் பாத்தே கேட்ட மாரி சொல்லிடுவாங்க. அதனாலதான் செவுத்தப் பாத்து நிக்க வெச்சோம்."

அலுவலர் தட்டையும் பருப்பையும் வாங்கிப் பார்த்தார். கம்பெனியிலிருந்து தன்னோடு வந்தவரிடம் திரும்பி, நம்ம டெஸ்ட் ரூமிலும் கண்ணாடிதானே இருக்கு, ஒரு திரை போடச் சொல்லணும் என்றார். குரலில் கெடுதல் எதுவும் இல்லை. நல்ல யோசனை ஒன்று கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. கீர்த்தனாவின் தலையில் தட்டிக் கொடுத்தார்.

தேவி கடைசி ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். அந்தத் தூரத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் பேசுகிற வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை என்ற சொல் அவருக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். மகள் கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாவைத் தேடிச் சிரித்தாள். தேவியும் சிரித்தார். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை, வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு மெர்சி டீச்சர் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தேவி கையை உருவிக்கொள்ளவில்லை. "அவ மேல தப்பில்ல டீச்சர். கரெக்டாத்தான சொன்னா," என்றார். அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

பிள்ளைகளின் வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். இணைத்தால் அந்த வாழ்க்கையின் பாரமும் வகுப்பறைக்குள் வரும் என்று யாரும் சொன்னதில்லை. இசைக்கவையோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் ஆபத்தில்லை, யாருக்கும் எதுவும் தெரியவும் போவதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைத்தான் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். மெர்சி செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. செய்யாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றவில்லை. துக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில விஷயங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு ஒன்பது மணிக்குள் போய்விட்டால் வெயிலும் நெரிசலும் குறைவு. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், மதியம் இரண்டு மணியை ஒட்டிக் கிளம்பாதீர்கள். சாப்பாடு எண்பது ரூபாயிலிருந்து கிடைக்கிறது. இந்தப் பாடத்தை உங்கள் பள்ளியில் எடுக்கிறவர்கள் நட்டை விட்டுவிட்டு நேராகப் பருப்புக்கே போய்விடாதீர்கள், அந்தத் தோல்வி பிள்ளைகளுக்குத் தேவை. ஆனால் முதல் பருப்பு விழுவதற்கு முன்னால், யாரை அளக்கப் போகிறோமோ அவரிடம் போய், இது யார் கண்ணில் எல்லாம் படும் என்று சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். மெர்சி டீச்சர் இப்போது தன் திட்டத்தில் அதை முதல் நாளில் வைத்திருக்கிறார். நான் இந்த வருஷம் அப்படித்தான் எடுக்கப் போகிறேன்.

இதை எழுதலாமா என்று தேவியிடம் மெர்சி மூலமாகக் கேட்டேன். டெஸ்ட் முடியட்டும் என்றார். முடிந்தது. திரை போட்டிருந்தார்கள். லிஸ்டில் அவர் பெயர் வரவில்லை. பிரஸ் லைனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கே சத்தம் இல்லை, கான்ட்ராக்ட் அப்படியே. "இப்ப எழுதிக்கச் சொல்லுங்க, இனிமே மறைக்கறதுக்கு இன்னா கீது," என்றாராம். கீர்த்தனாவிடமும் அவரே சொல்லிவிட்டாராம். அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை, மூன்றாம் நாள் வந்துவிட்டாள் என்றார் மெர்சி.

அன்றைக்குக் கிளம்பும்போது பார்த்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நானும் தேவியும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இருந்தோம். அவர் சாலையைப் பார்த்தபடி எனக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீர்த்தனா பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். பின்னாலிருந்தே கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. ஓட்டத்தைக் குறைத்து, நடந்து, கிட்டே கிட்டே வந்தாள். அம்மாவின் கயிறு பருப்புச் சத்தத்துக்கு அளந்தது, குரல் இன்னும் கொஞ்சம் தூரம் எட்டியிருக்கும். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். என்றாலும் அந்தக் கயிற்றின் நீளத்துக்குள் வந்த பிறகுதான் அம்மா என்றாள். தேவி திரும்பினார்.